மாடி ஊருக்கு, தரை உங்களுக்கு

கரூரிலிருந்து காவிரியின் கூடவே கிழக்கே காரை விட்டுக்கொண்டு, இனி இருக்கிற காலத்துக்கு அவ்வப்போது வந்து தங்க ஒரு கடற்கரை வீடு வேண்டும் என்று ராக்கியண்ணனும் அவர் மனைவி பாவாத்தாளும் புறப்பட்ட தை மாதத்தில், அவர்கள் பார்த்த கிராமங்கள் ஆறு. ஆறிலும் காற்று பிடித்திருந்தது, ஆறிலும் கிணற்றுத் தண்ணீர் இனித்தது, ஆறிலும் ராக்கியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் கால் வைத்த மாத்திரத்தில் கடல் நாற்பது அடி பின்வாங்கிப் போய் நின்றுகொண்டது.

புரோக்கர் வேதமூர்த்திக்கு வாய்ச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. முதல் ஊரில் இது தண்ணீர் வடிகிற நேரம் என்றார், இரண்டாவது ஊரில் அமாவாசை கிட்டத்தில் இருக்கிறது என்றார், மூன்றாவது ஊரில் தூரத்தில் எங்கோ துறைமுகத்துக்கு மண் அள்ளுகிறார்கள் என்றார், நாலாவதில் காற்றைச் சொன்னார், ஐந்தாவதில் வெயிலைச் சொன்னார், ஆறாவதில் சொல்ல ஒன்றும் அகப்படாமல் மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ராக்கியண்ணன் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். வீதியில் எதிரே வந்த சொந்தக்காரன் நம்மைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. வேதமூர்த்திக்குத் தெரியாத காரணம் அவருக்குத் தெரியும். முதல் ஊரிலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்தும், அடுத்த ஊர்க் கடலாவது தன்னை அறியாமல் இருக்காதா என்று ஊர் ஊராகப் போனார். கடல் ஒன்றுதான் என்பது படிக்காதவனுக்கும் தெரியும், ராக்கியண்ணன் பி.காம். படித்தவர்.

ஏழாவது ஊர் நண்டுமேட்டுக்குப்பம். காவிரி கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, நூற்றுப்பத்து வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ஐஸ் பெட்டிக் கொட்டகை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒருவர் கட்டிப்போட்டு வந்து இருக்க முடியாத இரண்டடுக்கு வீடு ஒன்று அங்கே விலைக்கு இருந்தது. வெளிர்ப் பச்சை வண்ணம், மாடிக்கு வெளிப்புறமாகப் படி, படியில் நின்றால் கடல். பாவாத்தாளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, கணவனின் கையைப் பிடிக்காமல் பத்தடி நடக்க முடியாத பாவாத்தாளுக்கு, இந்த வீட்டு விஷயத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடலோரம் நிற்க வேண்டும், அலை வந்து இரண்டு பேர் காலையும் நனைக்க வேண்டும். ஆறு ஊரிலும் அது நடக்கவில்லை.

"இங்கியாவது பாப்பமுங்க" என்றாள்.

அவர்கள் மணலில் இறங்கினார்கள். கடல் வழக்கம்போலப் பின்வாங்கியது. நண்டுகள் வெட்டவெளியில் நின்று முழித்தன.

நாற்பது அடி தள்ளிக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி என்கிற பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஐம்பது வயசிருக்கும். அவள் கத்தவில்லை. "கடலு உள்ள போவுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள், மூன்று வாய் தாண்டுவதற்குள் ஊர் எழுந்துவிட்டது. வலை கட்டினவன் ஊசியைப் போட்டான், சோறு வடித்தவள் சட்டியைப் போட்டாள், யாரும் பெட்டியைத் தேடவில்லை, யாரும் பத்திரத்தைத் தேடவில்லை. மாரியம்மன் கோயில் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஒன்பது ஆணி, ஒன்பது ஆணியில் அந்த ஊரில் இருக்கிற ஒன்பது மாடி வீட்டுச் சாவியும் தொங்கின. முதலில் போனவர்கள் சாவியை எடுத்தார்கள், பின்னால் போனவர்கள் கிழவர்களை எடுத்தார்கள், எந்த வீட்டுக்கு எந்தத் தெரு என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருந்தது. போகிற போக்கில் அஞ்சலாட்சி, மீன் கூடையை இடுப்பில் ஏற்றுகிற லாவகத்தோடு பாவாத்தாளைத் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு பச்சை வீட்டுப் படியில் ஏறினாள்.

கரையில் ராக்கியண்ணன் மட்டும் நின்றார்.

"ஐயா! நின்னுக்கிட்டு இருக்காதீங்க, ஓடியாங்க!" என்று மாடியிலிருந்து அஞ்சலாட்சி கத்தினாள். "மாடி தொறந்துதான் இருக்கு, ஓடியாங்கய்யா!"

அந்த வார்த்தைக்கு அவருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. ஓடினார். அவர் ஈர மணலைத் தாண்டி உலர்ந்த மணலுக்கு வந்ததும் கடல் ஒன்றும் நடக்காதது மாதிரி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, பார்த்த அதிர்ச்சியில் தடுமாறி ஓர் அடி கடல் பக்கம் வைத்தார், கடல் போயிற்று. கரைப் பக்கம் வந்தார், கடல் வந்தது. ஒன்பது மாடியிலிருந்தும் ஊர் பூராவும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஊர்த் தலைவர் மாசிலாமணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்ப இது ஐயாவுக்காகப் போவுது, நமக்காக இல்ல. எறங்குங்க, எறங்குங்க, அடுப்புல சோறு கெடக்கும்" என்றார்.

நண்டுமேட்டுக்குப்பத்துக்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை. கடல் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னதை அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், "காலைல எத்தன மணிக்குக் கரைக்கு வருவீங்க, சாயங்காலம் உண்டா?" என்பதுதான். வீட்டை உடனே எழுதிக்கொள்ள வேண்டாம், மாசிமகம் வரைக்கும் இருந்து பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேசியதும், ஊர் கூடி ஒரு ஏற்பாடு பண்ணிற்று. ராக்கியண்ணன் கரைக்கு இறங்கும்போதெல்லாம் பக்கிரிசாமி என்கிற ஆள் சிவப்புத் துண்டை உயர்த்திக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து, "ஐயா வாராங்க, யாரும் ஓடாதீங்க! ஐயா வாராங்க, யாரும் ஓடாதீங்க!" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கரூரில் துணிக் கம்பெனி வைத்து நானூறு பேருக்குச் சம்பளம் கொடுத்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சிவப்புத் துண்டுக்குப் பின்னால் நடந்தார்.

ஒரு வாரத்தில் ஊர் அவரைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டது. போன ஐப்பசியில் கடலில் விழுந்த படகு எஞ்சின் விசிறியைத் தேட, "ஐயா, அந்தப் படகுக்கிட்ட சித்த நேரம் நில்லுங்க" என்றார்கள், நின்றார், கிடைத்தது. படகு அடியில் ஓட்டை அடைக்க, கரையேற்றாமல் அங்கேயே வைத்து அடைத்துவிடலாம் என்று அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு வந்து அவரைச் சுற்றி மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள். எந்தக் காலத்திலோ கடலில் விழுந்த ஒரு வெள்ளிக் கொலுசு கிடைத்தது, பித்தளைச் செம்பு கிடைத்தது, யாருடையதென்று தெரியாத ஒரு சின்னச் செருப்பு கிடைத்தது. செருப்பை மட்டும் அஞ்சலாட்சி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஏன் என்று ஊர் கேட்காவிட்டாலும் பாவாத்தாள் பதில் சொல்லிவிட்டாள். அவளுக்கு அவரைப் பற்றி அளவில்லாத பெருமை. "பெரிய மனுசரு வந்தா நாம எந்திரிச்சு நிக்கறதில்லீங்களா, அது மாதிரிதானுங்க" என்று அவள் மட்டி பொறுக்குகிற பெண்களிடம் சொன்னாள். "இவரு வாயில ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லீங்க. கட்டுன நாள் தொட்டு நாப்பத்தி மூணு வருசம். கடலுக்குத் தெரியுது, விலகி வழி விடுது." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் யோசித்துப் பார்த்து, அப்படியும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் தெருவில் போனால் எதிரே வந்தவர்கள் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. பால் வாங்கப் போனால் வரிசை ஒதுங்கியது. ஒவ்வொரு மரியாதைக்கும் அவருக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது; சுருங்கினாலும் அவர் வாங்கிக்கொண்டார், மறுக்கவில்லை. அதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய அசிங்கமான விஷயம்.

வீட்டுப் பேச்சு எடுத்த ஒரு நாளில் மாசிலாமணி திண்டில் சாய்ந்துகொண்டு ஊரின் ஒரே நிபந்தனையைச் சொன்னார். "மாடி ஊருக்கு, தரை உங்களுக்கு. மாடியில நீங்க படுக்கலாம், காத்து வாங்கலாம், ஆனா சாவி கோயில் பலகையிலதான் தொங்கும். நீங்க ஊருல இருந்தாலும் இல்லாட்டியும்."

"எதுக்குங்க அப்புடி?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

அஞ்சலாட்சி வாசலில் நின்று மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே சொன்னாள். "சுனாமி அன்னிக்கு இந்த ஊருல மாடி ஒண்ணுதாம்மா. வாத்தியார் வீடு. அவங்க குடும்பத்தோட கும்பகோணத்துல கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க, பூட்டிக் கெடந்துச்சு. பூட்ட ஒடைக்கக் கல்லு தேடுனோம். இது கடற்கரையில்ல, மணலுதான் கெடக்கு, கல்லுக்கு எங்க போவ? கல்லு கெடைக்கிறதுக்குள்ள எம்பொண்ணு கை நழுவிட்டா. ஏழு வயசு." சீவின மீனைச் சட்டியில் போட்டாள். "வாத்தியாரச் சொல்லிக் குத்தமில்ல, அவருக்குத் தெரியாது. வந்து தலையில அடிச்சிக்கிட்டு அழுதாரு. அவருதான் மொத ஆணி அடிச்சாரு."

பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கும் அப்ப தெக்கால ஒரு ஊருல கடலோரம் மாடி வீடு இருந்துச்சுங்க. தங்கையன்னு ஒரு வாட்ச்மேன். கேட்டுக்கிட்ட ஜனம் வந்து நின்னிருக்குது, இவரக் கேக்காமத் தொறக்க அவனுக்குப் பயம், பாவம். அன்னிக்குப் பாத்து போன் லைன் போயிருச்சு. லைன் இருந்திருந்தா இவரு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு, தொறந்து உடுடான்னு. அத்தன பேரும் பொழச்சிருப்பாங்க." திரும்பி, "இல்லீங்களா?" என்றாள்.

"ஆமா" என்றார் ராக்கியண்ணன்.

போன் லைன் போகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், பாவாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தாள், போன் மணி அடித்தது. "ஐயா, முட்டிக்கால் தண்ணி உள்ள வந்துட்டுப் போயிருச்சு. இப்ப கடலு ரொம்ப உள்ள போவுது, பயமாயிருக்கு. ஜனங்க கேட்டுக்கிட்ட நிக்குறாங்க, மாடியத் தொறக்கட்டுங்களா?" என்றான் தங்கையன். மறுநாள் ஜெர்மனியிலிருந்து துணி வாங்குகிற பார்ட்டி வந்து அந்த மாடியில் தங்குவதாக இருந்தது. நான்கு அறையிலும் கட்டில், தரை, ஜன்னல் எல்லாம் அவருடைய கம்பெனியின் புது வெள்ளை விரிப்புகள், மடிப்புக் கலையாமல், ஆர்டர் பிடிப்பதற்காக விரித்தது. "சேத்துக் காலோட ஏறுனா விரிப்பெல்லாம் என்னத்துக்கு ஆகும்? தொறக்காதே" என்றார் அவர். தங்கையன், "சரிங்கய்யா" என்றான். பதினோரு பேரும் தங்கையனும் போனார்கள். தங்கையனை எடுத்தபோது சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. மாடியில் ஒரு விரிப்பில் ஒரு சொட்டு இல்லை. ராக்கியண்ணன் ஒரு லாரி நிறையப் போர்வை அனுப்பினார், பேப்பரில் படம் வந்தது, அடுத்த வருஷம் அந்த வீட்டை விற்றார்.

இந்தப் பொய்யை அவர் இருபது வருஷமாக ஒரு ஆளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவள்தான் அவர் வாயில் பொய்யே வராது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாசிமகம் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்ச் சாமிகளெல்லாம் கடலாடுகிற நாள். நண்டுமேட்டு மாரியம்மனும் பல்லக்கில் ஏறிக் கரைக்கு வந்து, மூன்று முறை முங்கி எழுந்து போனால்தான் அந்த வருஷம் படகு போகும், வலை நிறையும், போனவன் திரும்புவான். அந்த வருஷம் பரிவட்டம் யாருக்கு என்று ஊர் கூடிப் பேசியபோது, கடலே எழுந்து வழி விடுகிற மனுஷர் ஊரில் இருக்கும்போது வேறு யாருக்கு என்று ஒரே பேச்சாக முடிந்துவிட்டது. ராக்கியண்ணன் வேண்டாம் என்றார். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் அழுத்தினார்கள். இங்கேதான் நண்டுமேட்டுக்காரர்கள் புத்தி கொஞ்சம் பிசகியது. விசிறி தேட, ஓட்டை அடைக்க, மட்டி பொறுக்க அவரை நிறுத்திப் பழகின ஊர், மரியாதை என்று வந்தபோது கணக்கை மறந்துவிட்டது.

தலையில் பட்டுப் பரிவட்டம், கழுத்தில் மாலை, ஒரு கையில் பாவாத்தாள். அவளும் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். முன்னால் மேளம், பின்னால் அம்மன், அதற்குப் பின்னால் நாலு ஊர் ஜனம். ராக்கியண்ணன் ஈர மணலில் கால் வைத்தார், கடல் நாற்பது அடி போயிற்று. பல்லக்கு நாற்பது அடி போயிற்று, கடல் இன்னும் நாற்பது அடி போயிற்று. மேளக்காரர்கள் சேற்றில் கால் புதையப் புதைய அடித்தார்கள். நூறு அடி, இருநூறு அடி. எந்தக் காலத்திலும் வெயில் படாத தரையெல்லாம் வெயிலில் கிடந்தது, மீன்கள் துள்ளின, அம்மன் முகத்தில் மஞ்சள் காய்ந்து வெடித்தது, தண்ணீரோ எட்டினபாடில்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், "என்னா, நண்டுமேட்டு ஆத்தாவுக்கு இந்த வருசம் குளியல் இலங்கையிலயா?" என்று கேட்டான். பல்லக்குத் தூக்கினவர்கள் முகம் தொங்கிவிட்டது.

"நான் ஒதுங்கிக்கறனுங்க" என்றார் ராக்கியண்ணன்.

"அட இருங்கய்யா, மரியாதையக் குடுத்துட்டுப் பாதியில வாங்குறது ஊருக்கு அழகா? கொஞ்சம் போனா நின்னுரும்" என்றார் மாசிலாமணி. அவருக்கு மூச்சு வாங்கியது.

"கூச்சப்படாதீங்க" என்று பாவாத்தாள் அவர் கையை இறுக்கினாள். "உங்களுக்குக் குடுக்கற மரியாதைதானுங்க அது."

ராக்கியண்ணன் நின்றார். இன்னும் பத்து வருஷம் இருந்தாலும் இந்த வார்த்தையைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது என்று தெரிந்தது. பரிவட்டத்தை அவிழ்த்தார். அவிழ்த்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மேளம் நின்றுவிட்ட அந்த இடத்தில், அம்மனைப் பார்க்காமல், ஜனத்தைப் பார்க்காமல், மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன் வந்ததைச் சொன்னார், தண்ணீர் முட்டிக்கால் வந்து போனதைத் தங்கையன் சொன்னதைச் சொன்னார், வெள்ளை விரிப்பைச் சொன்னார், தொறக்காதே என்றதைச் சொன்னார். "மரியாதை இல்லீங்க இது. அது என்னைத் தொட அருவருக்குது" என்றார்.

அஞ்சலாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாவாத்தாள் ஒன்றுதான் கேட்டாள். "போன் இருந்துதுங்களா?"

"இருந்துச்சு."

அவள் அவர் கையை விட்டாள். விட்டதும் தடுமாறினாள், அஞ்சலாட்சி வந்து தோள் கொடுத்தாள். ராக்கியண்ணன் திரும்பி, ஒதுங்கி வழி விட்ட ஜனத்தின் நடுவே, சவுக்கைத் தோப்பைப் பார்த்து நடந்தார். அவர் நடக்க நடக்கப் பின்னால் ஜனமும் கரைக்குத் திரும்ப, கடலின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. மேளம் மறுபடி எழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், மூன்று முறை போட்டார்கள். அம்மன் மூன்று முறையும் முங்கிவிட்டாள் என்று தெரிந்தது. பாவாத்தாளின் கால் நனைந்திருக்கும் என்றும் தெரிந்தது. அதைத் திரும்பிப் பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவர் சவுக்கை மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஊர் கூடியது. "மன்னிக்கிறதுக்கு நாங்க யாரு?" என்றார் மாசிலாமணி. "அந்த ஊருக்குப் போனீங்களா?"

"இல்லீங்க."

"போயிட்டு வாங்க."

போனார். தங்கையனின் மனைவி ராசகுமாரி இப்போது சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். அவர் வாய் திறப்பதற்குள் அவளே, "தெரியும்யா" என்றாள். "கேட்டுக்கு வெளிய நானும்தான நின்னேன். தென்னமரத்தக் கட்டிக்கிட்டுப் பொழச்சேன். கேட்டு ரூம் போன்ல நீங்க சத்தமாப் பேசுனது எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சு. நான் சொன்னேன், தொறந்துரு, என்ன ஆனாலும் பாத்துக்கலாம்னு. ஐயா சொல்லிட்டாங்கன்னு நின்னாரு." இருபது வருஷமாக அந்த ஊர் பூராவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவருடைய போர்வைகளைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். ராசகுமாரி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது பச்சை வீட்டில் தச்சன் வேலை செய்துகொண்டிருந்தான். வீட்டை ஊர் பாவாத்தாள் பேருக்கே பேசி முடித்திருந்தது. "நீங்க அம்மாவோட வீட்டுக்காரர், இருக்கலாம், யாரும் போகச் சொல்லல" என்றார் மாசிலாமணி. "ஆனா இந்த வீட்டுக்கு மட்டும் மாடிக் கதவு வேணாம்னு ஊருல முடிவு." தச்சன் நிலையிலிருந்து கதவைக் கழற்றி இறக்கினான். கோயில் பலகையில் ஒன்பதாவது ஆணி வெறுமையாயிற்று. கதவு நல்ல தேக்கு. வீணாகப் போவானேன் என்று அஞ்சலாட்சி எடுத்துக்கொண்டு போய் இரண்டு கல்லின் மேல் வைத்து அதில் கருவாடு காயப்போடுகிறாள். கரூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மாடிக்குக் கதவு எங்கே என்று கேட்பார்கள். ராக்கியண்ணன் ஒவ்வொரு முறையும் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாவாத்தாள் அவரிடம் சண்டை போடவில்லை. கம்பெனிக்குப் போன் பண்ணி ஒரு கட்டு வெள்ளை விரிப்பு வரவழைத்தாள். வந்ததும், "விரிங்க" என்றாள். கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரைக்கும், மாடித் தரை பூராவும், மடிப்புக் கலையாமல் அவர் விரித்தார்.

ஊரும் அவரை விட்டுவிடவில்லை. இவ்வளவு நல்ல சாதனத்தை வீணாக்குவார்களா? மாதம் ஒரு காலையில், எந்தக் காலை என்று முன்கூட்டிச் சொல்லாமல், பக்கிரிசாமி சிவப்புத் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான், ராக்கியண்ணன் தனியாகக் கரைக்கு இறங்குவார், கடல் உள்ளே போகும், ஊர் ஓடும். ஓடிப் பழகத்தான். போன தடவை எட்டு நிமிஷம் ஆயிற்று, இந்தத் தடவை ஆறு. அவர் காய்ந்த கடல் தரையில் நின்றுகொண்டு, பச்சை வீட்டுப் படியில் கிழவர்களும் பிள்ளைக்காரிகளும் வெள்ளை விரிப்பின் மேல் சேற்றுக் காலோடு ஏறுவதைப் பார்ப்பார். பதினொன்று வரைக்கும் எண்ணுவார். பன்னிரண்டாவது ஆள் ஏறினதும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த விரிப்புகளைப் பாவாத்தாள் துவைக்க விடுவதில்லை. அவற்றின் மேல்தான் அவர் படுக்கை.

ஒரு நாள் அப்படி ஓடி முடித்து எல்லாரும் இறங்கின பிறகு, அஞ்சலாட்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாவாத்தாள் கடலுக்குப் போனாள். ராக்கியண்ணன் மேல்படியில் உட்கார்ந்து பார்த்தார். அலை அவள் முழங்கால் வரைக்கும் வந்தது. அவள் சிரித்தது கேட்டது. மாசிமகத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே படியேறி வந்து, அவரைத் தாண்டி உள்ளே போனாள். வெள்ளை விரிப்பில் அவள் ஈரக் கால் ஒன்று பதிந்திருந்தது.

கடல் தண்ணீர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, அந்தத் தடத்தின் மேல் மெல்லக் கையை வைத்தார். ஈரம் விலகியது. அவர் கையை எடுக்கவில்லை. ஈரம் விலகி, நாற்பது அடி போகவில்லை. அவர் விரல்களைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளி, அங்கேயே நின்றது.

"காஞ்சு போறதுக்குள்ள எந்திரிச்சு வாங்க" என்றாள் பாவாத்தாள் உள்ளேயிருந்து. "சோறு போட்டிருக்குது."